பார்க்கின்சன், எம்.எஸ்., ஏ.எல்.எஸ். வந்தவர்களுக்கு அமெரிக்காவில் நீண்டகால இயலாமைக் காப்பீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்களில் பலர் நாற்பது, ஐம்பது வயதில், பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும்போதே, நரம்பியல் மருத்துவரின் அறையில் இந்தப் பெயர்களில் ஒன்றைக் கேட்கிறார்கள். பார்க்கின்சன், எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ்), ஏ.எல்.எஸ். மூன்றுமே மூளையையும் நரம்புகளையும் தாக்கி முற்றும் நோய்கள். சிகிச்சை பற்றிப் பேச ஆள் இருக்கிறது. சம்பளம் நின்றால் வீடு எப்படி ஓடும் என்று பேசத்தான் ஆள் இல்லை. கம்பெனி எடுத்துக்கொடுத்த காப்பீடு ஒன்று பெரும்பாலும் இருக்கும். ஆனால் அதைக் கேட்டு வாங்கும் வழியில் உள்ள பொறிகள், விழுந்த பிறகுதான் தெரிகின்றன. அப்படி விழாமல் இருக்கத்தான் இந்தப் பக்கம்.

எல்.டி.டி. என்கிறார்களே, அது என்ன? எங்களுக்கு இருக்கிறதா என்றே தெரியவில்லை.

லாங் டெர்ம் டிசபிலிட்டி காப்பீடு. நோயால் வேலை செய்ய முடியாமல் போனால் சம்பளத்தில் ஒரு பங்கை மாதாமாதம் தருவது. பல பாலிசிகளில் அந்தப் பங்கு 60 சதவீதம். வேலை நின்ற நாளிலிருந்து 90 அல்லது 180 நாள் காத்திருப்புக் காலம் உண்டு. அதுவரை குறுகியகாலக் காப்பீடோ, சேர்த்து வைத்த விடுப்போ, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் மாநில அரசின் இயலாமைத் தொகையோ கைகொடுக்கும். அப்புறம் தொடங்கும் எல்.டி.டி., தகுதி நீடித்தால் 65 வயது வரையோ சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத் திட்டத்தின் ஓய்வு வயது வரையோ வரும்.

இருக்கிறதா என்று பார்க்க, ஆண்டுதோறும் பலன்களைத் தேர்ந்தெடுக்கும் கம்பெனித் தளத்துக்குள் போய்ப் பாருங்கள். இரண்டு பக்கச் சுருக்கத்தோடு நிறுத்தாமல் முழு பாலிசியையும் கேளுங்கள். கேட்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. கம்பெனிகள் தரும் பலன் திட்டங்களுக்கான எரிசா என்ற 1974-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி, எழுத்தில் கேட்டால் 30 நாளுக்குள் திட்டத்தின் ஆவணங்களைத் தர வேண்டும். தராவிட்டால் நீதிமன்றம் நாளுக்கு 110 டாலர் வரை அபராதம் போட முடியும்.

கையில் வந்ததும் முதலில் ஒரு இடத்தைப் பாருங்கள்: "மாத வருமானம்" என்று எதைச் சொல்லியிருக்கிறார்கள்? ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கு போனஸும் கம்பெனிப் பங்குகளும் சேர்ந்துதான் முழு வருமானம். பல பாலிசிகள் அடிப்படைச் சம்பளத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். மாதத்துக்கு இவ்வளவுக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பும் இருக்கும். 60 சதவீதம் என்று நம்பியிருந்தவர் கையில் உண்மையில் 35 சதவீதம் வரலாம். இது முன்கூட்டியே தெரிந்தால் குடும்பம் வேறு மாதிரித் திட்டமிடும்.

பார்க்கின்சன் என்று உறுதியாகிவிட்டது. அது போதாதா?

போதாது. மற்ற எல்லா பதில்களும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. காப்பீட்டு நிறுவனம் நோயின் பெயருக்குப் பணம் தருவதில்லை. அந்த நோய் உங்கள் வேலையில் எதைச் செய்யவிடாமல் தடுக்கிறது என்பதற்குத்தான் தருகிறது. நோய் இருப்பதை அவர்கள் மறுக்கக்கூட மாட்டார்கள். "நோய் இருப்பதை ஏற்கிறோம், வேலை செய்ய முடியாத அளவுக்கு இருப்பதாகச் சான்று இல்லை" என்றுதான் கடிதம் வரும்.

மெல்ல மெல்ல முற்றும் நோய்களில் இது இன்னும் சிக்கல். பக்கவாதம் வந்தால் ஒரு தேதி இருக்கிறது. பார்க்கின்சனுக்கும் எம்.எஸ்.ஸுக்கும் அப்படி ஒரு தேதி இல்லை. அந்தத் தேதியைச் சான்றுகளோடு நீங்கள்தான் உருவாக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சான்றுகளைச் சேர்க்கும் வேலை, நீங்கள் இன்னும் அலுவலகம் போய்க்கொண்டிருக்கும்போதே தொடங்க வேண்டும்.

என் கணவர் வேலையை ராஜினாமா செய்துவிட்டு, ஓய்வெடுத்துக்கொண்டு நிதானமாக விண்ணப்பிக்கலாம் என்கிறார்.

தயவுசெய்து அவரைத் தடுத்து நிறுத்துங்கள். கம்பெனிக் காப்பீடு வேலையோடு ஒட்டியது. காப்பீடு நடப்பில் இருக்கும்போதே இயலாமை தொடங்கியிருக்க வேண்டும். "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பிவிட்டால், உடம்புக்கு முடியாமல்தான் நின்றார் என்று பிறகு நிரூபிப்பது பெரும் பாடு. நம் ஆட்கள் கௌரவமாக விலகுவதாக நினைத்துச் செய்யும் இந்த ஒரு காரியம் பல லட்சம் டாலர் உரிமையைக் கரைத்துவிடும்.

வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்வதிலும் இதே ஆபத்து உண்டு. முழு நேரத்திலிருந்து பாதி நேரத்துக்கு மாறினால் சம்பளம் பாதியாகும். பல மாதம் கழித்து எல்.டி.டி. கேட்டால் அந்தப் பாதிச் சம்பளத்தில் 60 சதவீதம் என்று கணக்குப் போடலாம். வாரத்துக்கு 30 மணி நேரத்துக்குக் கீழே போனால் காப்பீட்டுத் தகுதியே போய்விடும் திட்டங்களும் உண்டு. பகுதி இயலாமைக்குப் பணம் தரும் பிரிவு உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்தப் பிரிவின் கீழ் நேரத்தைக் குறையுங்கள்.

முறையான வழி இதுதான்: மருத்துவர் எழுதிக்கொடுக்க, மருத்துவ விடுப்பில் போவது. எஃப்.எம்.எல்.ஏ. என்ற குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டப்படி 12 வாரம் சம்பளமில்லா விடுப்பும், அந்தக் காலத்தில் மருத்துவக் காப்பீடும் கிடைக்கும். அதற்கு 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், கடைசி ஓராண்டில் 1,250 மணி நேரம் உழைத்திருக்க வேண்டும், கம்பெனியும் ஐம்பது பேருக்குக் குறையாததாக இருக்க வேண்டும். விடுப்பில் இருந்தபடியே விண்ணப்பியுங்கள்.

"நோய் தெரிந்து நான்கு வருடம் வேலை செய்தீர்களே, இப்போது மட்டும் என்ன ஆயிற்று?" என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

கேட்பார்கள். எல்லாரிடமும் கேட்பார்கள். "சமாளித்துக்கொண்டு இருந்தேன்" என்பது உண்மையான பதில்தான். ஆனால் எதை எப்படிச் சமாளித்தீர்கள் என்பதற்குத் தடயம் வேண்டும்.

மேலாளருக்கு எழுதிய மின்னஞ்சல்கள், கூட்டங்களைக் காலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டது, உயரம் மாற்றும் மேசையோ பேசினால் தட்டச்சு செய்யும் மென்பொருளோ வேண்டும் என்று எச்.ஆரிடம் கேட்டது, எடுத்த விடுப்புகள், ஆண்டு மதிப்பீட்டில் "வேகம் குறைந்திருக்கிறது" என்று வந்த வரி. இந்தக் கடைசியைப் பார்த்து மனம் நொந்திருப்பீர்கள். கிளெய்மில் அதுதான் உங்களுக்குத் துணை நிற்கும் சாட்சி. வேலையை விட்டதும் கம்பெனி மடிக்கணினியைத் திருப்பித் தர வேண்டியிருக்கும், மின்னஞ்சலும் பூட்டப்படும். அதனால் உங்களைப் பற்றிய மதிப்பீடுகளையும் எச்.ஆர். கடிதங்களையும் முன்னதாகவே கேட்டு வாங்கி வையுங்கள். கம்பெனியின் ரகசியக் கோப்புகள் எதையும் தொட வேண்டாம்.

வீட்டில் ஒரு குறிப்பேடும் வையுங்கள். "இன்று ரொம்பக் கஷ்டம்" என்று எழுதினால் யாருக்கும் உதவாது. இப்படி எழுதுங்கள்: "செவ்வாய். 11 மணி மாத்திரை ஒன்றரைக்கே இறங்கிவிட்டது. வலது கையால் மவுஸை ஒரு இடத்தில் நிறுத்த முடியவில்லை. ஆறு வரி மின்னஞ்சலுக்கு நாற்பது நிமிடம். மூன்றரை மணிக் கூட்டத்தில் கேமராவை அணைத்துவிட்டேன்." மணி, செயல், எவ்வளவு நேரம் பிடித்தது, எது நடக்காமல் போனது. இவ்வளவுதான். இரண்டு மாதம் இப்படி எழுதி, அதை மருத்துவரிடமும் கொடுத்தால் அது அவருடைய கோப்பில் ஏறிவிடும்.

மருத்துவர் நல்லவர், கேட்டதை எழுதித் தருகிறார். ஆனாலும் மறுத்துவிட்டார்களே?

"இவருக்கு எம்.எஸ். இருக்கிறது, இவரால் வேலை செய்ய முடியாது" என்ற இரண்டு வரிக் கடிதத்துக்கு அங்கே மதிப்பில்லை. சிகிச்சை தரும் மருத்துவரின் கருத்துக்குத் தனி முன்னுரிமை தர வேண்டிய கட்டாயம் எரிசா திட்டங்களுக்கு இல்லை என்று 2003-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நிறுவனம் அமர்த்தும் மருத்துவர் உங்களைப் பார்க்காமல் கோப்பை மட்டும் படித்துவிட்டு, முழு நேரம் வேலை செய்யலாம் என்று எழுதலாம். வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் விளையாட்டு அப்படித்தான் இருக்கிறது.

உங்கள் மருத்துவர் எழுத வேண்டியது அளவுகள்: ஒரே நேரத்தில் எத்தனை நிமிடம் உட்கார முடியும், விசைப்பலகையில் தொடர்ந்து எவ்வளவு நேரம், மாதத்தில் எத்தனை நாள் வேலைக்கு வரமுடியாமல் போகும், நாளில் எத்தனை முறை எவ்வளவு நேரம் படுக்க வேண்டியிருக்கும், ஒவ்வொன்றுக்கும் எந்தப் பரிசோதனை ஆதாரம். பார்க்கின்சன் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று காட்டும் ஹோன்-யார் நிலையும், எம்.எஸ்.ஸால் வந்த இயலாமையைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை அளக்கும் ஈ.டி.எஸ்.எஸ். மதிப்பெண்ணும் தேதி வாரியாக இருந்தால் சரிவு கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஈ.டி.எஸ்.எஸ். நடையைத்தான் அதிகம் அளக்கிறது. நன்றாக நடக்கிற, ஆனால் மூளை களைத்துப்போகிற ஒருவரை அது காட்டிக்கொடுக்காது.

இன்னொன்று, நம்மவர்களுக்காகவே சொல்ல வேண்டியது. மருத்துவர் உள்ளே வந்து "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் நாம் சிரித்த முகத்தோடு "ஃபைன் டாக்டர்" என்கிறோம். அது மரியாதை. மருத்துவர் அதையே "நோயாளி நலமாக இருப்பதாகச் சொல்கிறார், நிலை சீராக உள்ளது" என்று தட்டச்சு செய்கிறார். நரம்பியலில் "சீராக உள்ளது" என்றால் போன முறையைவிட மோசமாகவில்லை என்றுதான் பொருள். கிளெய்ம் பார்க்கிறவர் அதை "வேலை செய்யலாம்" என்று படிக்கிறார். எனவே அடுத்த முறை போகும்போது, கடந்த மூன்று மாதத்தில் செய்ய முடியாமல் போன ஐந்து விஷயங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மனைவியோ கணவரோ கூட வந்து பேசட்டும். மிகைப்படுத்தவே வேண்டாம், இருப்பதை மறைக்காமல் சொன்னால் போதும்.

"உட்கார்ந்து செய்யும் வேலைதானே" என்கிறார்கள்.

மென்பொருள், கணக்கு, மேலாண்மை வேலைகளில் இருப்பவர்களுக்கு வரும் முக்கியமான தடை இது. வேலைகளை வகைப்படுத்த இன்னமும் பயன்படுத்தப்படும் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் பழைய அகராதி கடைசியாக 1991-இல் திருத்தப்பட்டது. அதில் உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது, எப்போதாவது 10 பவுண்டு வரை தூக்குவது. இந்த அளவுகோலில் வைத்தால் நடுங்கும் கையோடு இருப்பவரும் தேறிவிடுவார்.

உங்கள் வேலையை நீங்களே விவரமாக எழுதிச் சேர்க்க வேண்டும். ஒரு நிரல் வடிவமைப்பாளர் ஐந்தாறு விஷயங்களை ஒரே நேரத்தில் நினைவில் வைத்திருக்க வேண்டும். நள்ளிரவில் சர்வர் விழுந்தால் பதற்றத்தில் சரியான முடிவெடுக்க வேண்டும். ஒரு தவறான கட்டளை ஆயிரக்கணக்கானவர்களைப் பாதிக்கும். இந்த மூளை உழைப்பை நோய் எங்கே உடைக்கிறது என்று காட்ட நரம்புளவியல் பரிசோதனை இருக்கிறது. பல மணி நேரம் நடக்கும். கவனம், வேலை நினைவு, சிந்திக்கும் வேகம் எல்லாவற்றையும் அளந்து, உங்கள் வயதும் படிப்பும் உள்ளவர்களோடு ஒப்பிட்டுச் சொல்லும். முழு முயற்சியோடு செய்தீர்களா என்று பார்க்கும் சோதனைகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. அதனால் அந்த அறிக்கையை எளிதில் ஒதுக்க முடியாது. செலவு அதிகம்தான். இருந்தாலும் அறிவுழைப்பு வேலை செய்பவர் செய்யும் செலவுகளில் இதைவிடப் பயனுள்ளது வேறு இல்லை என்றே நினைக்கிறேன்.

எனக்கு எம்.எஸ். எம்.ஆர்.ஐ.யில் புதிதாக எதுவும் இல்லை. அசதிதான் ஆளைக் கொல்கிறது. இதை எப்படி நிரூபிப்பது?

எம்.எஸ்.ஸில் எம்.ஆர்.ஐ. படத்துக்கும் நோயாளி படும் பாட்டுக்கும் எப்போதும் பொருத்தம் இருக்காது என்பது நரம்பியல் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அதை உங்கள் மருத்துவர் எழுத்தில் சொல்லட்டும். உடல் சூடேறினால் பார்வை மங்குவது, கால் தளர்வது போன்ற குறிகளும் பதிவாகட்டும். செயல்திறன் மதிப்பீடு என்று உடலியக்கச் சிகிச்சையாளர் செய்யும் பரிசோதனை உண்டு. அதை அடுத்தடுத்து இரண்டு நாள் செய்யச் சொல்லுங்கள். முதல் நாள் எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிடுவார்கள். இரண்டாம் நாள் உடம்பு எப்படி எழுந்திருக்கிறது என்பதில்தான் அசதி தெரியும்.

பாலிசியில் "தானாகச் சொல்லும் அறிகுறிகள்" என்ற பிரிவு இருக்கிறதா என்று தேடுங்கள். வலி, அசதி, தலைசுற்றல் போல அளக்க முடியாதவற்றால் வரும் இயலாமைக்கு 24 மாதம் மட்டும் என்று சில பாலிசிகள் வரம்பு வைக்கின்றன. அப்படியானால் அளக்கக்கூடிய சான்று இன்னும் அவசியம்.

பார்க்கின்சனோடு மனச்சோர்வும் இருக்கிறது. அதையும் எழுதலாமா?

எழுதுங்கள், ஆனால் முறையாக. மனநலக் காரணங்களால் வரும் இயலாமைக்கு 24 மாத வரம்பு வைப்பது கம்பெனிக் காப்பீடுகளில் மிகச் சாதாரணம். மனச்சோர்வும் பதற்றமும் பார்க்கின்சனிலேயே வருபவை. சில பேருக்கு நடுக்கத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். நரம்பியல் மருத்துவர் அவற்றை அந்த நோயின் பகுதி என்று தெளிவாக எழுதாவிட்டால், நிறுவனம் முழுக் கிளெய்மையும் மனநலக் கணக்கில் போட்டு இரண்டு வருடத்தில் முடித்துவிடலாம். உடலியக்கக் குறைபாடுகள் மட்டுமே வேலையைத் தடுக்கப் போதுமானவை என்றால் அதையும் தனியாக எழுத வேண்டும்.

புது வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

முன்பே இருந்த நோய் என்ற பிரிவைப் பாருங்கள். காப்பீடு தொடங்குவதற்கு முந்தைய சில மாதங்களில், பெரும்பாலும் மூன்று மாதம், அந்த நோய்க்காக மருத்துவரைப் பார்த்திருந்தாலோ மருந்து எடுத்திருந்தாலோ, முதல் 12 மாதத்துக்குள் வரும் இயலாமைக்குப் பணம் இல்லை என்பது வழக்கமான வடிவம். பெயர் வைக்காத அறிகுறிகளுக்கும் இது பாயலாம். பார்க்கின்சன் சில சமயம் உறைந்த தோள்பட்டையாகத்தான் தலைகாட்டும். அந்த மூன்று மாதத்தில் தோளுக்குப் போன எலும்பு மருத்துவர் சீட்டைக்கூட எடுத்து நீட்டுவார்கள். உடம்பு அனுமதித்தால் 12 மாதத்தைத் தாண்டிவிட்டு நிற்பது நல்லது. நோய் தெரிந்த பிறகு கம்பெனி மாறுவதென்றால் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

சோஷியல் செக்யூரிட்டிக்கும் விண்ணப்பிக்க வேண்டுமா? எல்.டி.டி. போதாதா?

பல பாலிசிகளில் அது கட்டாயம். எஸ்.எஸ்.டி.ஐ. என்ற அந்த அரசு உதவிக்கு, வயது வந்தோருக்குப் பொதுவாக 40 வேலைக் கிரெடிட் (வேலை செய்து வரி கட்டியதற்குச் சேரும் புள்ளி) வேண்டும். அதில் 20 கடைசிப் பத்து ஆண்டுகளில் சேர்ந்திருக்க வேண்டும். இளையவர்களுக்குக் குறைவு. குடியுரிமையோ பச்சை அட்டையோ இல்லாதவரும், சட்டப்படி வேலை செய்து வரி கட்டி, சட்டப்படி தங்கியிருந்தால் தகுதி பெற முடியும். பார்க்கின்சன், எம்.எஸ்., ஏ.எல்.எஸ். மூன்றுக்கும் அவர்களுடைய நோய்ப் பட்டியலில் தனித்தனிப் பிரிவு இருக்கிறது. ஏ.எல்.எஸ். விரைவு வழியில் போகும். மற்றவர்களுக்கு உள்ள ஐந்து மாதக் காத்திருப்பு, 2020 டிசம்பரில் வந்த சட்டத்தால் ஏ.எல்.எஸ். நோயாளிகளுக்கு நீக்கப்பட்டது. மெடிக்கேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுக்கான 24 மாதக் காத்திருப்பும் அவர்களுக்கு இல்லை.

ஆனால் இரண்டு பணமும் முழுதாகச் சேர்ந்து வராது. எல்.டி.டி. மாதம் 6,000 டாலர், எஸ்.எஸ்.டி.ஐ. 2,800 டாலர் என்றால், காப்பீட்டு நிறுவனம் 2,800-ஐக் கழித்துக்கொண்டு 3,200 மட்டும் தரும். பிள்ளைகள் பெயரில் வரும் தொகையையும் கழிக்கும் பாலிசிகள் பல. எஸ்.எஸ்.டி.ஐ. ஒப்புதல் தாமதமாக வந்து, பழைய மாதங்களுக்கான பாக்கி மொத்தமாக வங்கியில் விழும். அது உங்கள் பணம் என்று நினைத்து வீட்டுக் கடனில் போட்டுவிடாதீர்கள். பெரும்பகுதியைக் காப்பீட்டு நிறுவனம் திருப்பிக் கேட்கும், கேட்க அதற்கு ஒப்பந்த உரிமையும் உண்டு. கணக்கு தீரும்வரை அது அப்படியே இருக்கட்டும்.

வீட்டைப் படம் பிடிக்கிறார்கள் என்பது உண்மையா?

நடப்பதுண்டு. சமூக ஊடகத்தையும் பார்ப்பார்கள். கோயில் விழாவில் ஒரு மணி நேரம் நின்று எடுத்த படத்தைக் காட்டி, இவரால் நிற்க முடிகிறது என்பார்கள். பயந்து வீட்டுக்குள் ஒடுங்க வேண்டியதில்லை. படிவத்தில் "என்னால் எதுவுமே முடியாது" என்று எழுதாமல், "நல்ல நாளில் இருபது நிமிடம் கடைக்குப் போவேன், மறுநாள் படுத்தே கிடப்பேன்" என்று உள்ளதை எழுதினால் எந்தப் படமும் உங்களைப் பொய்யர் ஆக்காது.

மறுத்துவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாமா?

நேரே போக முடியாது, போகவும் கூடாது. மறுப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து மேல்முறையீடு செய்ய 180 நாள் இருக்கிறது. அதே நிறுவனத்திடம்தான் செய்ய வேண்டும். "அவர்களிடமே கேட்டு என்ன பயன்" என்று நினைத்து, கோபத்தில் ஒரு பக்கக் கடிதம் அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் நிறைய. அது பெரிய இழப்பில் முடியும். ஏனென்றால் பின்னால் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனால் அங்கே ஜூரி கிடையாது. பொதுவாக உங்களைக் கூண்டில் ஏற்றிக் கேட்பதும் இல்லை. நீதிபதி பெரும்பாலும் நிறுவனத்தின் கோப்பில் இருக்கும் தாள்களை மட்டும் படிப்பார். மேல்முறையீடு முடியும்போது அந்தக் கோப்பு மூடப்படுகிறது. அதற்குள் போகாத பரிசோதனை, போகாத கடிதம், போகாத குறிப்பேடு எதுவும் நீதிபதியின் கண்ணில் படாது. உங்கள் வழக்கின் உண்மையான விசாரணை இந்த 180 நாள்தான்.

முதல் வேலையாக, முழுக் கிளெய்ம் கோப்பையும் எழுத்தில் கேளுங்கள். இலவசமாகத் தர வேண்டும். அதில் அவர்களுடைய மருத்துவர் எழுதியது, வேலை நிபுணர் எழுதியது, தொலைபேசிக் குறிப்புகள் எல்லாம் இருக்கும். எந்தச் சான்று இல்லை என்று மறுத்தார்களோ அதற்குச் சான்று தேடுங்கள். 2018 ஏப்ரலுக்குப் பிறகான விதிகளின்படி, உங்கள் மருத்துவரின் கருத்தையும் சோஷியல் செக்யூரிட்டியின் முடிவையும் ஏன் ஏற்கவில்லை என்று மறுப்புக் கடிதத்தில் அவர்கள் விளக்க வேண்டும். மேல்முறையீட்டின்போது புதிதாக எழுதி வாங்கும் மருத்துவ அறிக்கையை, முடிவெடுக்கும் முன் உங்களிடம் காட்டிப் பதில் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும். அந்த வாய்ப்பைக் கைவிடாதீர்கள்.

மேல்முறையீட்டுக்கு 45 நாளில் முடிவு, தேவைப்பட்டால் இன்னொரு 45 நாள். அதுவும் தோற்றால் வழக்குத் தொடுக்க எத்தனை காலம் என்பது பாலிசியிலேயே எழுதியிருக்கும். அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

வக்கீல் எப்போது வேண்டும்?

மறுப்புக் கடிதம் வந்த வாரத்திலேயே. மேல்முறையீட்டைத் தானே அனுப்பிவிட்டு, தோற்ற பிறகு போனால் வக்கீலுக்கும் கை கட்டப்பட்டிருக்கும். விபத்து வழக்குப் பார்க்கும் வக்கீல் வேண்டாம், எரிசா இயலாமை வழக்குகளையே முக்கியமாகப் பார்ப்பவர் வேண்டும். இவர்களில் பலர் வெற்றி பெற்றால் மட்டும் பங்கு வாங்குபவர்கள். அந்தப் பங்கு வரவிருக்கும் மாதங்களுக்கும் தொடருமா என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். நீங்களே தனியாக வாங்கிய பாலிசி, அரசு ஊழியர்களுக்கான பாலிசி போன்றவை எரிசாவுக்குள் வராது. அங்கே மாநிலச் சட்டம் ஓடும், உங்களுக்கு அது பெரும்பாலும் சாதகம்.

ஒப்புதல் வந்துவிட்டது. இனி கவலை இல்லையே?

24 மாதம் வரை மூச்சு விடலாம். பல பாலிசிகளில் முதல் இரண்டு வருடம் "உங்கள் சொந்தத் தொழிலைச் செய்ய முடியுமா" என்பது கேள்வி. அதற்குப் பிறகு "உங்கள் படிப்புக்கும் அனுபவத்துக்கும் பொருந்திய எந்தத் தொழிலையாவது செய்ய முடியுமா" என்று மாறும். பணம் நிற்பது பெரும்பாலும் இந்தத் திருப்பத்தில். பதினெட்டாம் மாதத்திலேயே புதிய பரிசோதனைகளையும் மருத்துவர் கடிதத்தையும் தயார் செய்யத் தொடங்குங்கள். முற்றும் நோய் என்பதால், முதல் அறிக்கையையும் புதிய அறிக்கையையும் பக்கத்தில் வைத்தாலே சரிவு பேசும். வீட்டில் சும்மா இருக்கிறோமே என்று மருத்துவரைப் பார்ப்பதைக் குறைத்துக்கொள்ளாதீர்கள்.

வரி உண்டா?

பிரீமியத்தை யார் கட்டினார்கள் என்பதைப் பொறுத்தது. கம்பெனி கட்டியிருந்தால் வரும் பணத்துக்கு வருமான வரி உண்டு. வரி பிடித்த பிறகான சம்பளத்திலிருந்து நீங்களே கட்டியிருந்தால் இல்லை. ஆண்டுத் தேர்வின்போது இந்த விருப்பத்தைத் தரும் கம்பெனிகள் உண்டு. இரண்டாவதை எடுப்பதே நல்லது.

மருத்துவக் காப்பீடும் ஆயுள் காப்பீடும் என்ன ஆகும்?

வேலை முடிந்ததும் கோப்ரா என்ற சட்டத்தின் மூலம் 18 மாதம் கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டைத் தொடரலாம். கோப்ராவின் முதல் 60 நாளுக்குள் இயலாமை இருந்ததாக சோஷியல் செக்யூரிட்டி தீர்மானித்து, அந்தக் கடிதத்தை நீங்கள் 18 மாதம் முடியும் முன் உரிய காலத்தில் திட்டத்துக்குக் கொடுத்தால் அது 29 மாதமாகும். கடைசி 11 மாதம் பிரீமியம் கூடும். எஸ்.எஸ்.டி.ஐ.யின் ஐந்து மாதமும் மெடிக்கேரின் 24 மாதமும் சேர்ந்து 29 என்பதால், இந்தக் கடிதம் கைக்கு வந்தால் இடைவெளி இல்லாமல் கடக்க வழி பிறக்கிறது.

கம்பெனி தந்த ஆயுள் காப்பீட்டைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். இயலாமை ஏற்பட்டால் பிரீமியம் கட்டாமலே அதைத் தொடரும் சலுகை பல திட்டங்களில் இருக்கிறது. தனியாக விண்ணப்பிக்க வேண்டும், கெடுவும் உண்டு. இந்த நோய் வந்த பிறகு வெளியே புதிய ஆயுள் காப்பீடு கிடைப்பது மிகக் கடினம். எல்.டி.டி. படிவத்தோடு இதையும் அன்றே கேட்டு வாங்குங்கள்.

நாங்கள் எச்-1பி விசாவில் இருக்கிறோம்.

எல்.டி.டி. ஒரு ஒப்பந்தம். அது விசாவைப் பார்த்து நிற்பதில்லை. தங்கும் உரிமைதான் சிக்கல். வேலை முடிந்தால் அதிகபட்சம் 60 நாள் சலுகைக் காலம். மருத்துவ விடுப்பில், வேலை உறவு தொடரும்வரை நிலைமை வேறு. எனவே கம்பெனி "கடைசி நாள்" குறிப்பதற்கு முன்பே குடியேற்ற வக்கீலைப் பாருங்கள். துணைவருக்கு விசாவோ வேலை அனுமதியோ இருந்தால் அதற்கு மாறும் வழியையும் அப்போதே கேளுங்கள்.

ஊருக்கே திரும்பிவிட்டால் பணம் வருமா?

பாலிசியைப் பொறுத்தது. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வெளியே ஆறு மாதமோ ஒரு வருடமோ தங்கினால் பணத்தை நிறுத்தும் பிரிவு பல எல்.டி.டி. பாலிசிகளில் உண்டு. டிக்கெட் எடுப்பதற்கு முன் அதைப் படியுங்கள். எஸ்.எஸ்.டி.ஐ.யைப் பொறுத்தவரை, அமெரிக்கக் குடிமக்கள் தகுதி நீடிக்கும்வரை இந்தியாவிலிருந்தும் பெறலாம். மற்றவர்களுக்கு ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நிபந்தனைகள் உண்டு. தொடர்ந்து தர முடியுமா என்று சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மெடிக்கேர் இந்தியாவில் செல்லாது. அங்கே பார்க்கும் மருத்துவர் யாராக இருந்தாலும், வருடத்துக்கு இரண்டு முறையாவது ஆங்கிலத்தில் விரிவான அறிக்கை எழுதித் தர முடியுமா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் அடுத்த படிவம் வரும்போது அது தேவைப்படும்.